காலடியில் இருந்த பெட்டி

ஒத்திகை தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியும் மேடம் வாயைத் திறக்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாரே ஒழிய, ஒரு வரிகூடப் பாடிப் பார்க்கவில்லை.

மேடை ஓரத்தில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது போதும். மெல்லிசைக் குழுவில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் வயர் இழுக்கிறவன் அவன். எல்லாருக்கும் அவன் வயர்மேன்தான். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்தச் சந்தேகம் வந்து ஒரு மாதம் ஆகிறது.

"பாடுறவங்கன்னா தொண்டையத் திறந்து காட்டணும் தலைவரே," என்றான். "ஒத்திகைக்கே பயந்தா என்ன பெரிய பாடகி?"

கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்த குழுத் தலைவர் நிமிரவில்லை. "தொண்டை யாருக்குத்தான் இல்ல? குளிக்கும்போது நீகூடத்தான் பாடுற. சனம் ஏத்துக்கணும்யா. ஏத்துக்கிட்டாத்தான் பெரிய பாடகி."

"அப்போ சுருதி, மூச்சு எல்லாம் சும்மாவா?"

"இருக்கணும். அது மட்டும் இருக்கிறவங்க பின்வரிசையில நிப்பாங்க."

அந்தக் குத்து யாருக்கு என்று வயர்மேனுக்குத் தெரியாதா? பின்வரிசையில் கோரஸ் பாடுவது அவன் மனைவி. பன்னிரண்டு வருஷமாக மேடத்தின் முதுகைப் பார்த்து 'ஆ' என்றும் 'ஓ' என்றும் பாடியே காலம் ஓடிவிட்டது. இன்றோடு நிறுத்திக்கொண்டு, நாளைக் காலை ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

அதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரிந்தது. மேடத்தின் அத்தனை பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்தவள் போய்த் துணி மடிப்பதா?

மெதுவாக அவள் பக்கம் நகர்ந்தான். "தொண்டையத் தயாரா வெச்சுக்க. இன்னிக்கு நீ நடுவுல நின்னு பாட வேண்டி வரும்."

அவள் முகம் மாறியது. "என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணும் வேணாம். அவங்க நல்லாத்தான் பாடுறாங்க. அதப் பார்த்துதான் நான் நிறுத்துறேன்."

"பாடுறது அவங்களா, பெட்டியான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரும்."

இவளுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டி என்று அவன் சொன்னது, தலைவரின் காலடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியை. காலால் ஒரு அழுத்து அழுத்தினால், பதிவு செய்து வைத்த சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். அதற்கு வயர் செருகுவதும் தலைவர்தான், கழற்றுவதும் அவர்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

ஒரு மாதமாக உற்றுப் பார்த்ததில் வயர்மேனுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மேடத்தின் பாட்டெல்லாம் உச்சஸ்தாயியில் போய்த்தான் முடியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த உச்சியில் நின்று இழுக்கும்போதுதான் தலைவரின் கால் நைசாகப் பெட்டி மேல் ஏறும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கீழ் வரிகளை மேடம் பாடுகிறார், மேல் வரியைப் பெட்டி பாடுகிறது.

மாலை ஐந்து மணிக்குத் திரை விலகியது. மேடம் சிரித்தபடி நடுவில் வந்து நின்றார். முதல் பாட்டு உச்சிக்குப் போனது, தலைவரின் கால் ஏறியது, பாட்டு முடிந்ததும் கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்த வயர்மேனுக்குக் காதே அடைத்துப்போயிற்று. மேடை விளக்கில் கண் கூசியதால் எதிரே இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"ஏமாந்த சனம்," என்று பல்லைக் கடித்தான்.

இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணம் வந்ததும் குனிந்தபடியே கீபோர்டுக்குப் பின்னால் போனான். வயர் சரிபார்க்க வருகிறான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மனைவி மட்டும் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

மேடம் உச்சிக்கு ஏறத் தொடங்கினார். தலைவரின் கால் நகர்ந்தது. வயர்மேன் பெட்டியின் வயரை ஒரே இழுப்பில் பிடுங்கினான்.

குரல் இதோ அறுந்து விழப் போகிறது என்று காத்திருந்தான். அது விழவில்லை. இன்னும் ஒரு படி மேலே ஏறி, அங்கேயே பிசிறில்லாமல் நின்று, நிதானமாக இறங்கி முடிந்தது.

அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவ்வளவும் அந்த அம்மாவின் சொந்தத் தொண்டை. ஒரு நல்ல பாடகியைப் போய் ஒரு மாதமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. எழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

தலைவர் பெட்டியைக் காலால் அழுத்தினார். பிறகு இன்னும் பலமாக அழுத்தினார்.

இருட்டில் எங்கோ ஒரு நாற்காலி முனகியது. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடம் சிரிப்பு மாறாமல் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கீபோர்டு பக்கம் சாய்ந்தார்.

"என்ன தலைவரே, கைதட்டலைப் போடலையா?"