ஓடுகிற கடிகாரம்

பிற்பகல் மூன்று மணி. மற்ற நாட்களில் இந்நேரம் அம்மா சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பழைய சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துக்கொண்டிருப்பாள். இன்று மேசை துடைத்த ஈரத்தோடு மின்னுகிறது. கடிகாரம் சுவரில் ஏறி ஓடிக்கொண்டிருக்கிறது. "ஆறு மாசமா நீ நோண்டினதைக் கடைக்காரன் கால் மணி நேரத்துல முடிச்சிட்டாம்மா," என்கிறான் மகன். "ஒரு பல்சக்கரம் கழண்டிருந்துச்சாம். அவ்வளவுதான்." மருமகள் சிரிக்கிறாள். "அத்தை கைபட்டா ஓடுறதும் நின்னுடும்." அம்மாவும் கூடவே சிரிக்கிறாள். அந்தச் சக்கரத்தைக் கழற்றியவள் அவள்தான். போன வாரமே கடிகாரம் அவள் கையில் ஓடத் தொடங்கிவிட்டது. அதைக் காதோடு வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு, நாளைக்கு விரல்களுக்கு என்ன வேலை என்று தோன்ற, சக்கரத்தைக் கழற்றிக் கடிகாரத்துக்குள்ளேயே போட்டு வைத்துவிட்டாள். இப்போது அவள் விரல்கள் மேசை விளிம்பில் இல்லாத திருகாணி ஒன்றைத் திருகுகின்றன. "என் சின்னத் திருப்புளி எங்கடா?" "எல்லாத்தையும் குப்பைல போட்டாச்சு. வேலையத்த வேலை, கண்ணுதான் கெடும்." மகன் நாற்காலியில் ஏறி, சாய்ந்திருக்கும் கடிகாரத்தை நேராக்குகிறான். அங்கிருந்தே திரும்பிப் பார்த்துக் கேட்கிறான்: "இப்ப சந்தோஷம்தானேம்மா?"