தேதி போடாத கடிதம்

ஜீவராஜ் எறிந்த தேத்தண்ணீர்க் கோப்பை சுவரில் மோதிச் சிதறியது. அவர் மனைவி பத்மாவதி குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"முப்பது வருசம் இந்தக் கட்சிக்கு நாயா உழைச்சவன் நான்! என்னையே மிரட்டுறீங்களா?" ஜீவராஜ் எம்.பி. போட்ட சத்தம் கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். கோபம் வந்தால் அவருக்குக் கண்மண் தெரியாது, அன்றைக்கோ காலையிலிருந்தே வந்திருந்தது.

எதிரே கட்சித் தலைவர் இராமர் வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமூலம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வருகிறது. கட்சி ஆதரிக்கிறது. ஜீவராஜோ நேற்றுச் சபையில் எழுந்து, "குடும்பப் பெண்களை நடுத்தெருவுக்கு இழுக்கும் சட்டம்" என்று சொந்தக் கட்சியையே கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்.

"கோவப்படாம கேளுங்க ஜீவராஜ். ஆதரிச்சுப் போட மனசில்லன்னா அன்னைக்கு சபைக்கு வராதீங்க. அது போதும்."

"ஓடி ஒளியச் சொல்றீங்களா? வருவேன். எதிர்த்துத்தான் போடுவேன். பொம்பளைக்கு என்னங்க தெரியும் அரசியலப் பத்தி? நம்ம பண்பாடு என்னாவுறது?"

வெளியே கேற்றைத் தட்டும் சத்தம் கேட்டது. முகத்துவாரத்தில் மீன் விற்கும் றோஸி, கையில் ஏதோ கடுதாசியோடு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா இருக்காங்களா? ஐயாவத் தொந்தரவு பண்ண வேணாம், அம்மாவப் பாத்தாலே போதும். கவருமெண்டு குடுக்கிற மாடிவீட்டு லிஸ்டுல எங்க பேர வெட்டிட்டாங்க."

பத்மாவதி துண்டுகளை ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்து, எம்.பி.யின் பெயர் அச்சடித்த தாளில் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டுவந்து கணவர் முன்னால் நீட்டினாள். ஜீவராஜ் தலைவரைத் திட்டிக்கொண்டே, என்ன ஏது என்று பார்க்காமல் கையெழுத்தைக் கிறுக்கித் தள்ளிவிட்டார். தினமும் காலையில் இப்படிப் பத்து, பதினைந்து கடிதங்கள் போகும்.

தலைவருக்கும் பொறுமை போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

ஜீவராஜ் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவர் அல்ல. கட்சி வாங்கிய மொத்த வாக்குகளுக்காக அதற்குக் கிடைத்த தேசியப் பட்டியல் ஆசனத்தில் போய் உட்கார்ந்தவர். அப்படி உட்காருகிறவர் முதல் நாளே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியை மட்டும் எழுதாமல் தலைவரிடம் கொடுத்துவைப்பது அந்தக் கட்சியில் வழக்கம்.

"இதுல இன்னைக்குத் தேதியப் போட்டேன்னா உங்க எம்.பி. பதவி போச்சு. போடவா?"

ஜீவராஜ் ஒரு கணம் அசந்துபோனார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் கோபம்தான் இருந்தது.

"போடுங்க! தாராளமாப் போடுங்க! கட்சி யாப்பு விதிப்படி பட்டியல்ல எனக்கு அடுத்த பேருக்குத்தானே ஆசனம் போகணும்? அது யாரு பேருன்னு பாத்தீங்களா?"

தலைவர் தன் கோப்பிலிருந்த தேசியப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அவருடைய முகம் தொங்கிப்போனது. பட்டியல் தயாரித்தபோது பெயருக்கு ஒரு பெண்ணாவது வேண்டும் என்று கட்சி கேட்டது. ஊரார் வீட்டுப் பெண் எதற்கு என்று தன் பெயருக்குக் கீழேயே பெண்சாதியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார் ஜீவராஜ்.

"ஆசனம் இந்த வீட்டு வாசப்படியத் தாண்டாது தலைவரே! இவ என்னயக் கேக்காம பக்கத்துக் கடைக்குக்கூடப் போனதில்ல. எதிர்த்துப் போடுடின்னா எதிர்த்துப் போடுவா. உக்காருன்னா உக்காருவா, எழும்புன்னா எழும்புவா. நீங்க எத்தனை தேதி போட்டாலும் அந்தக் கதிரையில இருக்கிறது நான்தான்!"

 இந்த மனிதனை விலக்கினாலும் ஒன்றுதான், வைத்திருந்தாலும் ஒன்றுதான். எரிச்சலோடு கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்த தலைவர், போவதற்காக எழுந்தார்.

"அடியே, தலைவருக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டா! தோத்த மனுசன், வெறும் வயித்தோட போகக் கூடாது."

றோஸியை அனுப்பிவிட்டு வந்த பத்மாவதி குசினிப் பக்கம் போகவில்லை. நடு ஹோலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் என்று விளங்கிக்கொள்ளவே ஜீவராஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருடத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

"என்னடி முழிக்கிற? சொன்னது கேக்கலையா?"

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை, தலைவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஐயா, சத்தியப்பிரமாணம் எடுக்க நான் எத்தன மணிக்கு வரணும்?"