பழைய ஃபைல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குள் பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு வருகிறது. கல்வராயன் மலைப் பக்கமிருந்து ஏறிய மேகம் தெருவை மூடிவிட, கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் மட்டும் கோகிலவாணியின் முகத்தில் நீலமாக விழுகிறது. திரையின் மேல்வரிசை முழுக்கப் பொத்தான்கள். அவளுக்கு வேண்டியதோ ஒரு கட்டம், நாலு வரி எழுத்து, ஒரு படம், பிரிண்ட். அதனால் எந்த வேலை வந்தாலும் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே அடிப்பாள். செழியன் மகளின் காதுகுத்துப் பத்திரிகைக்காக இப்போது திறந்திருப்பது, போன ஆடியில் அவன் மனைவிக்கு அடித்த போஸ்டர். ‘கண்ணீர் அஞ்சலி’ அழிந்து ‘காதணி விழா’ ஆகிறது. கறுப்பு பார்டர் ரோஸ் ஆகிறது. இறந்தவளின் படத்தின் மேல், அதைவிடச் சற்றே சின்னதாக, குழந்தையின் படம் வந்து உட்காருகிறது. பிரிண்டர் முனகிக்கொண்டே சூடான தாளைத் தள்ளுகிறது. மகளோடு வந்து காத்திருக்கும் செழியன் அதை வாங்கிப் பார்க்கிறான். குழந்தையின் படத்து ஓரத்தில், சிவப்புக்கல் கம்மல் போட்ட காது ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது.

“இன்னாம்மா இது?”

“ஐயோ, அடியில இருந்த போட்டோவ எடுக்க மறந்துட்டேண்ணா. குடுங்க, வேற போட்டுத் தரேன்.”

அவன் தருவதற்குள் மகள் தமிழ்மொழி தாளைப் பிடுங்கிக்கொள்கிறாள். அந்தக் காதருகே வாயை வைத்து ஏதோ கிசுகிசுக்கிறாள். பிறகு தன் காதைத் தாளோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்கிறாள். பிரிண்டரின் முனகல் அடங்குகிறது.

“சரிம்மா,” என்கிறாள். “அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்.”