மிச்சமிருந்த உயிர்கள்

கையடக்க கேம் கருவியில் எமுலேட்டர் மென்பொருள் போட்டு எந்தப் பழைய விளையாட்டையும் ஓட்ட, உழவர்கரையில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்பது நுஃமானின் அசைக்க முடியாத கருத்து. இறந்துபோன தம்பி கமருஸ்ஸமான் பாதியில் சேமித்து வைத்த ஆட்டத்தையும் அதில் ஏற்றியிருந்தார். தம்பியுடையது என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஆட்டத்துப் பொம்மை மனிதனுக்கு மூன்று உயிர்கள் மிச்சமிருந்தன. யாரும் தொடவில்லை. மறுநாள் இரண்டு இருந்தன. அதற்கு மறுநாள் ஒன்று.

"பெரிய நிபுணர்னு ஊரெல்லாம் பேசுறீங்களே மச்சான், இத நிறுத்தத் தெரியலையா?" என்றாள் மனைவி நஜீமா.

நுஃமான் பேட்டரியைக் கழற்றினார். திரை அணையவில்லை. பொம்மை மனிதன் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்தான். எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினார். எதற்கும் அவன் நிற்கவில்லை.

"குதிக்காதடா தம்பி!"

பொம்மை நின்று, திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு குதித்தது.