துரை செஞ்ச காரியம்

"கண்ட நாயையும் கொண்டுவந்து அப்பா கட்டில்லயா படுக்க வைப்பீங்க?"

செருப்பைக்கூடக் கழட்டாம அண்ணியைக் கேட்டுட்டேன். கேட்காம எப்படி? ஆறு மாசம் கழிச்சு அப்பாவைப் பார்க்க வந்திருக்கேன். ரூம் கதவைத் திறந்தா குப்புன்னு மூத்திர வாடை.

அண்ணி நனைஞ்ச விரிப்பைச் சுருட்டி பக்கெட்ல போட்டாங்க.

"ராத்திரி துரை மறுபடியும் நனைச்சிட்டான். இதோ, அலசிடறேன்."

துரையாம், துரை! காது தொங்கி, பல்லு போன கிழட்டு நாய். அது பாட்டுக்கு அப்பா கால்மாட்டுல சுருண்டு கிடந்தது. திட்டினா வாலை ஆட்டுது. மானம் ரோஷம் இருந்தாத்தானே!

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சட்டையில ஒரு சுருக்கம் இருந்தாலும் வாசப்படி தாண்டாத மனுஷர். அவருக்கா இந்தக் கதி!

"தினமும் இதே கூத்தா?"

"வாரத்துல மூணு நாலு நாள்."

"வெளியில கட்டிப் போட வேண்டியதுதானே?"

"மாமா பக்கத்துலயே இருக்கட்டும்மா. அவருக்கு ஒரு துணை."

"துணையா? எங்கே, உங்க கட்டில்ல படுக்க வச்சுக்குங்க, பார்ப்போம்!"

அண்ணி முகம் சுண்டிப்போச்சு. "விடும்மா, வாயில்லா ஜீவன்"னு அப்பாதான் மெதுவாச் சொன்னார்.

எனக்கு உட்காரவே முடியலை. கூடத்துக்கும் ரூமுக்கும் பத்து நடை நடந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டா, "காப்பகத்துலேருந்து கொண்டுவந்த நாய்தானே, விடேன்"ங்கறான். பொண்டாட்டி கிழிச்ச கோட்டை என்னிக்கு அவன் தாண்டினான்? பெத்த அப்பாவுக்காக நான்தான் கேட்கணும்.

அண்ணி துணி காயப்போட மாடிக்குப் போனதும் நாய் கழுத்துல சங்கிலியை மாட்டினேன்.

அப்பா பதறி எழுந்தார். "எங்கேம்மா அதைக் கூட்டிட்டுப் போறே?"

"வந்த இடத்துலயே விட்டுட்டு வரேன். இனிமேலாவது நீங்க காய்ஞ்ச படுக்கையில தூங்குங்கப்பா."

அவர் என்னவோ சொல்ல வந்தார்.

அதுக்குள்ள அண்ணி ஓடி வந்துட்டாங்க. ஈரக் கையோட என் கையைப் பிடிச்சாங்க. "உன் கால்ல வேணா விழறேன். அதை மட்டும் கொண்டுபோகாதே."

"ஓஹோ! மாமனாரைவிட நாய் ஒசத்தியாப் போச்சா?"

அவங்க கையை உதறிட்டு நாயைக் கார்ல ஏத்தினேன். நான் காரை எடுத்துட்டேன்.

நனைச்சுத் தொலைக்குமோன்னு சீட்ல பழைய பேப்பரை விரிச்சிருந்தேன். முக்கால் மணி நேரம் டிராபிக். நாய்கள் காப்பக வாசல்ல கார்லயே ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். அதுவரைக்கும் அடக்கிட்டு இருந்த நாய், கார் கதவைத் திறந்துவிட்டதும் நேரா மரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கினது.

"இதெல்லாம் நல்லாத் தெரியுது. வீட்டுக்குள்ள மட்டும் திமிரு!"

காப்பகத்து கிளார்க் பழைய ஃபைலைத் துழாவினார். "வாங்கிட்டுப் போனப்ப எழுதிக் குடுத்த படிவத்துலயே, திருப்பிக் குடுக்கற காரணத்தையும் எழுதணும்மா. இங்கே அதுதான் வழக்கம்."

"குடுங்க, எழுதறேன். படுக்கையை நனைக்குது."

"யாரு, துரையா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு வருஷம் இங்கே இருந்தவன்மா. ஒரு நாள்கூட உள்ளே நனைச்சதில்லையே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் படிவத்தை நீட்டினார். நாலு மாசத்துக்கு முந்தின தேதி. அண்ணியோட குண்டு குண்டு எழுத்து. நான் பேனாவைத் திறந்தேன்.

'நாய் எதற்காகத் தேவை?'ன்னு ஒரு கேள்வி. காவலுக்கு, குழந்தைங்க விளையாடறதுக்குன்னு எல்லாரும் எழுதற இடத்துல அண்ணி எழுதியிருந்தாங்க:

'என் மாமனார் தூக்கத்தில் தன்னை அறியாமல் படுக்கையை நனைத்துவிடுகிறார். அவர் யார் முன்னாலும் தலைகுனியக் கூடாது. அந்தப் பழியை ஏற்றுக்கொள்ள ஒரு நாய் வேண்டும்.'