மதிவதனிக்குக் குரல் இல்லை

ஒன்பது வயது மதிவதனி பாடி முடித்ததும் மற்றப் பிள்ளைகள் தாங்களாகவே கைதட்டினார்கள். பாட்டு டீச்சர் பானுப்ரியா மட்டும் தட்டவில்லை.

தறியை நிறுத்திவிட்டு வந்திருந்த அப்பா கமலக்கண்ணன் ஆவலாகக் கேட்டார். "எப்பிடிப் பாடுது மிஸ், நம்ம பாப்பா?"

"குரலே இல்லைங்க. இனிமே அனுப்பாதீங்க."

"பசங்கல்லாம் கை தட்டுதுங்களே?"

"அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

மதிவதனி டீச்சரின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு இன்னும் நல்லாப் பாடறேன் மிஸ்."

பானுப்ரியா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கமலக்கண்ணன் முகம் செத்துப்போய், மகளை இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்குள்ளேயிருந்து பானுப்ரியாவின் கணவன் பிரபாகரன் வந்தான். "பைத்தியமா உனக்கு? இப்படி ஒரு குழந்தைக்குச் சொல்லித் தரத்தான் டீச்சரே ஆனேன்னு நேத்துகூடப் பூரிச்சிகினு இருந்தியே!"

"காலையில அவ அப்பா போன் பண்ணாருங்க. பொண்ணு நல்லாப் பாடறான்னு நான் ஒரு வார்த்தை சொன்னா போதுமாம். ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டு, சேத்துப்பட்டு, தேவிகாபுரம்னு திருவிழாக் கச்சேரிக்கு அனுப்பிடுவாராம்."

தெருமுனையிலிருந்து மதிவதனியின் அழுகை கேட்டது. அதிலும் சுருதி பிசகவில்லை.