மூணாவது சீட்டு

"அந்தப் பொண்ணு ஊரை விட்டுப் போகணும் ஜோசியரே. சீட்டு அப்படித்தான் வரணும்."

செங்கம் ரோட்டு வேப்பமரத்தடியில் அப்போதுதான் கிளிக்கூண்டை இறக்கி வைத்திருந்த கண்ணாயிரத்துக்குக் காலங்கார்த்தாலே நாக்கு கசந்தது. வந்தவள் சரசு. அடி அண்ணாமலை கிராமத்துத் தருமனின் இரண்டாவது மனைவி. 'அந்தப் பொண்ணு' என்பது மூத்தாள் விட்டுப்போன சரோஜா.

மூத்தாள் பெண்ணை இளையாள் எதற்கு ஊரை விட்டு அனுப்பப் பார்ப்பாள் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். கண்ணாயிரத்துக்குத் தெரியாதா?

"சீட்டுல கை வைக்கிற பழக்கம் எனக்கு இல்லம்மா. கிளி எடுக்கறதுதான் நான் சொல்றது" என்றார் வெடுக்கென்று.

சரசு அசைந்து கொடுக்கவில்லை. கிளியைக் கேட்காமல் தருமன் விதை நெல்லைக்கூட வெளியே எடுக்க மாட்டான், மத்தியானம் மகளோடு இங்கேதான் வரப்போகிறான் என்றாள். சீட்டு எத்தனை வகையாகப் போடுவீர்கள், அதையாவது சொல்லுங்கள் என்று குடைந்தாள்.

தொலையட்டும் என்று சொன்னார். ஒத்தச் சீட்டு என்றால் கிளி எடுக்கிற ஒன்றே தீர்ப்பு. மூணு சீட்டு என்றால் முதலாவது கேட்பவர் மனசில் இருக்கும் நினைப்பு, இரண்டாவது அதற்கு வரும் தடங்கல், மூணாவதுதான் முடிவு.

"அப்ப எங்களுக்கு மூணு போடுங்க. ஒண்ணோட விட்டா அவரு எழுந்து போயிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்ணாயிரத்துக்கு வந்த கோபம் வெயில் ஏறியும் இறங்கவில்லை. தாயில்லாப் பிள்ளையை விரட்ட என் கிளிதான் கிடைத்ததா இவளுக்கு? பார்த்துவிடலாம்.

மத்தியானம் மூன்று பேரும் வந்தார்கள். மகள் விஷயமாகக் கேட்கணும் என்று மட்டும் தருமன் சொன்னான். சரோஜா குனிந்த தலை நிமிரவில்லை. சரசு மூணு சீட்டு என்று ஆரம்பித்தாள். இதற்கு ஒண்ணே போதும் என்று கண்ணாயிரம் வெட்டிவிட்டார். சீட்டுகளை வரிசையாக விரிக்கும்போது, இத்தனை வருஷத் தொழிலில் செய்யாத காரியத்தைச் செய்தார். மீனாட்சி கல்யாணப் படம் போட்ட சீட்டை மட்டும் நகக்கண் அளவு வெளியே தள்ளி வைத்தார்.

கூண்டைத் திறந்தார். கிளி நேராகப் போய் அதைத்தான் கொத்தி எடுத்தது.

"கல்யாண யோகம். பொண்ணு உங்க பக்கத்துலயே இருப்பா" என்றார்.

தருமனுக்கு வாயெல்லாம் பல். "பார்த்தியா சரசு? கிளியே சொல்லிடுச்சு. பொண்ணு கேட்டு வந்த வேங்கிக்கால்காரருக்கு வயசு கொஞ்சம் ஜாஸ்திதான், ரெண்டு பொண்டாட்டிய வாரிக் குடுத்தவருதான். இருந்தா என்ன, நெலம் இருக்கே. இன்னிக்கே வாக்கு குடுத்துடறேன்."

சரோஜா சத்தமில்லாமல் அழுதாள். சரசு அவளை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"எட்டாவது பாஸ் பண்ணிட்டு ரெண்டு வருஷமா மாட்டுக் கொட்டாயில கெடக்கறா. வேலூர்ல டீச்சர் ட்ரெயினிங்குக்குச் சேத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க" என்றாள் கணவனிடம். குரல் உயரவில்லை. "நான் ரெண்டாந்தாரமா வந்தவ. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணுக்கு அது வேணாம்."

கண்ணாயிரத்துக்குச் சுரீரென்றது. எம் பொண்ணு என்கிறாள். அந்தப் பொண்ணைக் கிழவனுக்குத் தள்ளிவிட்டது இந்த விரல்.

தருமன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான்.

"உக்காருங்க" என்றார் கண்ணாயிரம். "இந்தக் கேள்வி ஒத்தச் சீட்டுக்கு அடங்காது. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அம்மா கேட்ட மூணு சீட்டுதான் இதுக்குச் சரி. இப்ப வந்தது முதல் சீட்டு. உங்க நெனப்பு, அவ்வளவுதான்."

தருமன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். ஜோசியரின் கையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது சீட்டில் நாகம் படமெடுத்து நின்றது. வாக்கு கொடுக்கத் துடித்தவனின் முகம் சுருங்கியது.

மூணாவது சீட்டுக்குக் கிளி இப்படியும் அப்படியும் நடந்தது. சரசு மூச்சு விடவில்லை. கடைசியில் ஒன்றை இழுத்துப் போட்டது. கண்ணாயிரம் பிரித்தார்.

வீணையோடு சரஸ்வதி.

அவர் விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தருமன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். புதுசாக வந்த நயா பைசாவை இன்னும் நம்பாதவன், பழைய ரெண்டணாவை வைத்துக் கும்பிட்டுவிட்டு, வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மகளைக் கேட்டபடி முன்னால் நடந்தான்.

சரசு மட்டும் பின்தங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"சீட்டுல கை வைக்க மாட்டேன்னு காலையில சொன்னீங்க. எம் பொண்ணுக்காக வச்சீங்களே, உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

கண்ணாயிரத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் கை வச்சது முதல் சீட்டுலதாம்மா. மூணாவதைக் கிளி தானா எடுத்துது."